நோ சிக்னல்! திரை, கேபிள், டிகோடர்: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வருகிறது: "மொனிட்டரில் லைட் எரிகிறது, படம் வரவில்லை." ஆகவே இந்தப் பகுதி முழுவதும் அதற்கே.

பதில்களுக்கு முன் ஒரு சோதனை. மொனிட்டருக்குக் கரண்ட் மட்டும் கொடுத்து, படம் வரும் கேபிளை முழுவதும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். "நோ சிக்னல்", "செக் கேபிள்" என்று ஏதாவது ஒரு கட்டம் திரையில் தோன்றினால் திரைக்கும் அதன் பின்விளக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோளாறு கேபிளிலோ, ஒரு வகைச் சிக்னலை இன்னொரு வகையாக மாற்றும் கன்வெர்ட்டரிலோ, மறுமுனையில் உள்ள கருவியிலோ, மொனிட்டரில் கேபிள் செருகும் அந்த ஒரு துளையிலோ (போர்ட்) இருக்கிறது. அந்தக் கட்டம்கூட வராவிட்டால் மட்டுமே மொனிட்டரின் திரையைச் சந்தேகப்படுங்கள். இதைப் பார்க்காமலே நல்ல மொனிட்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

கேள்வி: படிவம் நான்கு படிக்கும் மகனுக்காகத் தெரிந்தவர் ஒருவர் 19 அங்குலப் பழைய மொனிட்டர் கொடுத்தார். அதில் படம் உள்ளே வர, நீல நிற விஜிஏ என்ற பழைய வகைத் துளை மட்டுமே உண்டு. மகனின் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ என்ற புதிய வகைத் துளை மட்டுமே உண்டு. இணையத்தில் "விஜிஏ டு எச்டிஎம்ஐ" என்ற கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் பொருத்தினோம். படம் வரவில்லை. விற்றவரோ பொருள் நல்ல பொருள்தான் என்கிறார். (வாசகி, தோட்ட லயத்திலிருந்து)

பதில்: விற்றவர் சொல்வது சரியாகவே இருக்கலாம் அம்மா. பொருள் நல்லதுதான், திசைதான் தப்பு. "விஜிஏ டு எச்டிஎம்ஐ" என்றால் விஜிஏ உள்ளே போய் எச்டிஎம்ஐயாக வெளியே வரும் என்று பொருள். உங்களுக்கு வேண்டியது "எச்டிஎம்ஐ டு விஜிஏ". பெயரைப் படித்துக் குழம்ப வேண்டாம், உருவத்தைப் பாருங்கள். லேப்டாப்பில் செருகும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எச்டிஎம்ஐ முனையாகவும், மறுபக்கம் மூன்று வரிசையில் 15 துளை உள்ள விஜிஏ சாக்கெட்டாகவும் இருக்க வேண்டும். மொனிட்டர் கேபிளின் நீல முனையில் ஊசிகள் இருக்கும், அது அந்தத் துளைகளில் போய் உட்காரும். உங்களிடம் இருப்பதில் விஜிஏ பக்கம் ஊசிகளும், கூடவே ஒரு யுஎஸ்பி வாலும் இருந்தால் அது எதிர்த்திசைக்கானது.

திருப்பிப் போட்டால் ஏன் வேலை செய்யாது? எச்டிஎம்ஐயில் படம் எண்களாகப் போகிறது, விஜிஏயில் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற உள்ளே ஒரு சிப் வேண்டும். அந்தச் சிப் ஒருவழிப் பாதை. சிப்பே இல்லாமல் இருமுனையிலும் வெறும் வயரை இணைத்த மலிவுக் கேபிளும் சந்தையில் உண்டு. அது எந்தத் திசையிலும் வேலைக்கு ஆகாது.

சரியான கன்வெர்ட்டர் வந்த பிறகும் படம் விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் கரண்ட் போதவில்லை என்று பொருள். அந்தச் சிப், எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து வரும் 5 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அந்த வழியாகக் குறைந்தது 55 மில்லியாம்ப் கொடுத்தால் போதும் என்பதே விதி. அதற்கு மேல் கொடுப்பது லேப்டாப்பின் தயவு. பக்கவாட்டில் சிறிய யுஎஸ்பி துளை உள்ள கன்வெர்ட்டராக வாங்கினால், போன் சார்ஜர் ஒன்றைச் செருகி இந்தத் தொல்லையைத் தீர்க்கலாம். ஒலித் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். விஜிஏ கேபிளில் சத்தம் போகாது, ஸ்பீக்கரைக் கன்வெர்ட்டரிலேயே செருக வேண்டும்.

படம் வந்ததும் அளவைச் சரிசெய்யுங்கள். சதுர வடிவ 19 அங்குலத்துக்கு 1280 x 1024, அகல வடிவத்துக்குப் பெரும்பாலும் 1440 x 900. பிறகு மொனிட்டரில் உள்ள "ஆட்டோ" பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எழுத்துகள் கூர்மையாகும். அது விஜிஏவுக்கென்றே உள்ள பொத்தான். பலர் அதைத் தொட்டதே இல்லை.

கேள்வி: என் விஜிஏ மொனிட்டரில் படம் முழுக்க மஞ்சளாகத் தெரிகிறது. திரை போய்விட்டதா?

பதில்: இல்லை, நீலம் மட்டும் வந்து சேரவில்லை. விஜிஏயில் 1, 2, 3ஆம் ஊசிகள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். நீலம் அறுந்தால் மஞ்சள், பச்சை அறுந்தால் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், சிவப்பு அறுந்தால் நீலப்பச்சை. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்த ஊசி இருந்தால் மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம். 9ஆவது ஊசி இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், பல கேபிள்களில் அதை வைப்பதே இல்லை. இருபுறத் திருகுகளையும் முறுக்காமல் விடுவதாலும் ஊசிகள் வளையலாம்.

கேள்வி: வீட்டு டிவி கெட்டுப்போனதால் டிஜிட்டல் டிவி டிகோடரை 22 அங்குலக் கணினி மொனிட்டரில் எச்டிஎம்ஐ வழியாகச் செருகினேன். "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வருகிறது. ஒருமுறை படம் வந்தது, ஆனால் சத்தம் இல்லை. அதன் பிறகு திரையில் "நோ சிக்னல்". எதை மாற்றுவது?

பதில்: மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயம். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் டிகோடர், கேபிள், மொனிட்டர் என்று எல்லாவற்றையும் மாற்றவேண்டி வரும்.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, சிக்னலும் வந்து சேர்கிறது, வந்ததை மொனிட்டரால் காட்ட முடியவில்லை. நம் நாட்டுத் தொலைக்காட்சி ஆதியிலிருந்தே 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 முறை) கணக்கில் ஓடுவது. டிகோடரும் "1080-ஐ" (1080i), 50 ஹெர்ட்ஸ் என்று அனுப்பும். கணினி மொனிட்டர்கள் 60 ஹெர்ட்ஸை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சில மொனிட்டர்கள் 50 ஹெர்ட்ஸை ஏற்கும், சில ஏற்காது. 1080க்குப் பின்னால் வரும் அந்த "ஐ", படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும் முறையைக் குறிக்கிறது. அதை ஏற்காத மொனிட்டர்களும் உண்டு. டிவி எல்லாவற்றையும் விழுங்கிவிடும், மொனிட்டர் அப்படியல்ல.

டிகோடரை அண்டை வீட்டு டிவியில் செருகி, மெனுவில் படத் தெளிவு என்ற இடத்தில் முதலில் 720பி (720p, வரிகளை வரிசையாக அனுப்பும் முறை) என்று வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் தேர்வும் இருந்தால் அதையே எடுங்கள். பிறகு மொனிட்டருக்குக் கொண்டுவாருங்கள். சில ரிமோட்டில் "வி-ஃபார்மட்" என்றொரு பொத்தான் இருக்கும். இருந்தால் டிவியே வேண்டாம். ஒருமுறை அழுத்திவிட்டு ஐந்து விநாடி பொறுங்கள், படம் வராவிட்டால் மறுபடி அழுத்துங்கள். படபடவென்று அழுத்தினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

சத்தம் இல்லாததற்குக் காரணம், பெரும்பாலும் மொனிட்டரில் ஸ்பீக்கரே இல்லாதது. பின்புறம் ஹெட்போனுக்கான துளை இருந்தால் எச்டிஎம்ஐயில் வரும் ஒலி அதில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் டிகோடரின் சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து கணினி ஸ்பீக்கருக்கு ஒரு கேபிள் போடுங்கள்.

இனி அந்த "நோ சிக்னல்". அதைச் சொல்வது யார் என்று கவனியுங்கள். மொனிட்டர் சொன்னால் ஒரு சிறு கட்டம் தோன்றி, சற்று நேரத்தில் திரை இருண்டு உறங்கப்போகும். டிகோடர் சொன்னால் அலைவரிசை எண், டிகோடரின் மெனு எல்லாம் திரையில் தெரியும், நடுவில் மட்டும் அந்த வாசகம் இருக்கும். இரண்டாவது வகை என்றால் எச்டிஎம்ஐக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கூரை மேலுள்ள ஏரியலைப் பாருங்கள். 2019 அக்டோபரில் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. இப்போது வருவது டிஜிட்டல். அதில் புள்ளி புள்ளியாக மங்கும் படம் என்பது கிடையாது. வந்தால் முழுதாக வரும், சிக்னல் குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

கட்டண டிவி டிகோடர் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அவை எச்டிசிபி என்ற பூட்டோடு படத்தை அனுப்பும். பூட்டைத் திறக்கத் தெரியாத, டிவிஐ (DVI) என்ற முந்தைய வகைத் துளை உள்ள பழைய மொனிட்டரிலும், விஜிஏ கன்வெர்ட்டர் வழியாகவும் திரை இருண்டோ எச்சரிக்கை வாசகத்தோடோ நிற்கலாம். இது கோளாறு அல்ல, எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. எச்டிசிபி உள்ள திரைதான் வேண்டும்.

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தில் திருமுறை ஓதும்போது பாடல் வரிகளைப் புரொஜெக்டரில் காட்டுகிறோம். லேப்டாப் மேடையோரம், புரொஜெக்டர் நடுக்கூரையில். 20 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்திருக்கிறோம். ஒரு லேப்டாப்பில் படம் வருகிறது, மின்மினி போல வெள்ளைப் புள்ளிகளோடு. இன்னொன்றில் வரவே இல்லை. மின்விசிறி சுவிட்சைத் தட்டினால் படம் ஒரு நொடி போய் வருகிறது. (கோயில் செயலவை உறுப்பினர்)

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறியும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: கேபிள் அளவுக்கு மீறி நீளம். சாதாரணச் செம்புக் கேபிளில் 1080பி படம் 10 மீட்டர் வரை பெரும்பாலும் ஒழுங்காகப் போகும். அதற்கு மேல் கேபிளின் தரத்தைப் பொறுத்தது. 4கே, 60 ஹெர்ட்ஸ் என்றால் 5 மீட்டர் தாண்டுவதே சந்தேகம். போகிற வழியில் சிக்னல் தேய்ந்து, சில எண்கள் தவறாக வாசிக்கப்படும்போது வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். இன்னும் தேய்ந்தால் படம் விட்டு விட்டு வரும், பிறகு நின்றே போகும். மின்விசிறி சுவிட்ச் தெறிக்கும் பொறியும் தேய்ந்த சிக்னலைத்தான் சாய்க்கிறது.

இன்றைக்கே, காசில்லாமல் செய்யக்கூடியது: படம் வராத லேப்டாப்பில் விண்டோஸ் விசையோடு பி (P) விசையை அழுத்தி "டூப்ளிகேட்" என்று வையுங்கள். பிறகு டிஸ்பிளே செட்டிங்கில் 1280 x 720, 60 ஹெர்ட்ஸ். பாடல் வரிகளுக்கு அது தாராளம். புதிய லேப்டாப்களும் 4கே புரொஜெக்டர்களும் தமக்குள் பேசி, கேபிள் தாங்காத உயர்ந்த படத் தெளிவைத் தாமே தேர்ந்துகொள்கின்றன. உங்கள் இரண்டாவது லேப்டாப்பில் நடப்பது அநேகமாக இதுதான். முதலில் புரொஜெக்டரை ஆன் செய்துவிட்டு, அதன் பிறகு லேப்டாப்பைச் செருகுவதும் நல்ல பழக்கம். திரை தன் அளவுகளைச் சொல்லும் குறிப்பை லேப்டாப் படிப்பது செருகிய அந்த நேரத்தில்தான்.

நிரந்தரத் தீர்வு இரண்டு. ஒன்று, இணையக் கேபிள் வழியாக எச்டிஎம்ஐ அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஜோடி. ஒரு பெட்டி லேப்டாப் பக்கம், ஒரு பெட்டி புரொஜெக்டர் பக்கம், நடுவில் கேட்6 கேபிள். இதற்கு முழுச் செம்புக் கேபிள்தான் வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளை மலிவாகக் கட்டிவிடுவார்கள், எடை குறைவாக இருக்கும், வாங்க வேண்டாம். நடுவில் மோடமோ சுவிட்ச் பெட்டியோ வரக்கூடாது, நேராக ஒரே இழுப்பு. சில ஜோடிகளுக்கு இருபக்கமும் கரண்ட் வேண்டும் என்பதால் கூரைப் பக்கம் பிளக் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

மற்றொன்று, கண்ணாடி இழையில் ஓடும் எச்டிஎம்ஐ கேபிள். 20 மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல, மின்விசிறிப் பொறியும் தொடாது. ஆனால் அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் "சோர்ஸ்", மறுமுனையில் "டிஸ்பிளே" என்று அச்சிட்டிருக்கும். கூரைக்குள் மாற்றி இழுத்துவிட்டால் மறுபடி உருவி இழுக்க வேண்டியதுதான். ஆகவே தரையில் வைத்தே ஒருமுறை படம் பார்த்துவிட்டு ஏணி ஏறுங்கள். கூர்மையாக மடித்தால் உள்ளே இழை ஒடியும். மூலையில் வளைவாக விடுங்கள்.

எந்த வழியானாலும் படக் கேபிளையும் கரண்ட் வயரையும் ஒரே குழாயில் திணிக்காதீர்கள். மண்டபத்துக்குப் பொதுவாக இந்த இரண்டில் கண்ணாடி இழைக் கேபிளே மேல். பெட்டிகளும் அடாப்டர்களும் கூடக் கூட, திருவிழா நாளில் கோளாறு தேட வேண்டிய இடங்களும் கூடும்.

கேள்வி: மளிகைக் கடையில் சிசிடிவி பெட்டிக்குப் புது மொனிட்டர் மாற்றினேன். பழையதில் வந்த படம் புதியதில் வரவில்லை. புதியதைக் கணினியில் செருகினால் நன்றாக இருக்கிறது.

பதில்: பழைய மொனிட்டர் 1080பி, புதியது 1366 x 768 வகையாக இருக்கும். பெட்டி இன்னும் பழைய அளவிலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அல்லது யாரோ மெனுவில் 4கே என்று வைத்திருக்கலாம். பெட்டியை ஒரு டிவியில் செருகி, சிஸ்டம் மெனுவில் வெளியீட்டு அளவை 1024 x 768 என்று குறைத்துச் சேமித்துவிட்டு மறுபடி முயலுங்கள். எச்டிஎம்ஐயில் வராவிட்டால் விஜிஏயிலும் பாருங்கள். பல பெட்டிகள் திரையின் குறிப்பை ஆன் ஆகும்போது மட்டுமே படிக்கும் என்பதால், மொனிட்டரை முன்பே ஆன் செய்துவிட்டுப் பெட்டிக்குக் கரண்ட் கொடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: திரையில் படம் இல்லாவிட்டாலும் பெட்டி பதிவு செய்துகொண்டுதான் இருக்கும். அவசரத்தில் ரீசெட் செய்து பதிவுகளை இழந்துவிடாதீர்கள்.

கேள்வி: கணினிக்குள் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிறகு மொனிட்டர் இருட்டு. கார்டின் விசிறி சுற்றுகிறது.

பதில்: எச்டிஎம்ஐ கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் போர்ட் மதர்போர்டுடையது. கார்டு வந்ததும் பல கணினிகளில் அது அணைந்துவிடும். கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். அங்கும் படம் வரவில்லையென்றால் கார்டுக்கான தனி 6 அல்லது 8 ஊசிக் கரண்ட் வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலும் விசிறி சுற்றக்கூடும், விசிறியை நம்ப வேண்டாம். இன்டெல்லில் பெயர் "எஃப்" என்று முடியும் சிப்களுக்குச் சொந்தப் படவசதி கிடையாது, அவற்றில் மதர்போர்டு போர்ட் எப்போதுமே இருட்டுதான்.

கேள்வி: டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். என் போனில் செருகினால் ஒன்றுமே ஆகவில்லை. தம்பியின் போனில் அதே கேபிள் வேலை செய்கிறது.

பதில்: கேபிள் நல்லது, உங்கள் போனில் அந்த வசதி இல்லை. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும். அதன் வழியே படம் வர, டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி போனுக்குள் இருக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸியில் எஸ் 8 முதலான எஸ் வரிசையில் உண்டு, ஐபோனில் 15 வந்தபோது வந்தது. நடுத்தர, மலிவு விலைப் போன்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. எந்த ஆப் போட்டும் அதை வரவழைக்க முடியாது. போனில் "ஸ்மார்ட் வியூ", "காஸ்ட்" என்று ஏதாவது இருந்தால் வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பிப் பாருங்கள். லேப்டாப்பின் டைப்-சிக்கும் இதே விதிதான். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: மொனிட்டரும் டைப்-சி, லேப்டாப்பும் டைப்-சி, நடுவில் போன் சார்ஜ் கேபிள். அதில் படத்துக்கான வயர்களே இருக்காது.

கேள்வி: போன வாரம் இடி இடித்த இரவுக்குப் பிறகு மொனிட்டரின் எச்டிஎம்ஐ வேலை செய்யவில்லை. லைட் எரிகிறது, மெனு வருகிறது. சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தேன். பழுது பார்ப்பவர் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்.

பதில்: மொனிட்டரின் பின்புறம் பாருங்கள். டிவிஐ துளை இருந்தால் போர்டை மாற்றும் செலவு அநேகமாகத் தேவையில்லை. எச்டிஎம்ஐயும் டிவிஐ-டியும் உள்ளே ஒரே வகைச் சிக்னல், எனவே எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிளுக்குச் சிப் வேண்டாம், எந்தத் திசையிலும் வேலை செய்யும், விலையும் கொஞ்சம்தான். சத்தத்தை மட்டும் தனியாக எடுக்க வேண்டியிருக்கலாம். டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு வகைத் துளை மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற்றும், யுஎஸ்பி கரண்ட் உள்ள கன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கேபிள் எதிர்த்திசைக்கானது. வாங்குமுன், லேப்டாப்பின் எச்டிஎம்ஐ நலமா என்று வேறொரு டிவியில் பார்த்துவிடுங்கள். இடி ஒருமுனையோடு நிற்பதில்லை.

சுவிட்சை அணைத்தும் ஏன் போனது? நம் வீட்டு சுவிட்சுகள் பெரும்பாலும் ஒரு வயரை மட்டுமே துண்டிக்கின்றன, மற்ற இரண்டும் இணைந்தே இருக்கும். அதோடு இடி கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை. கூரை ஏரியல், டிஷ் கேபிள், பழைய செம்புத் தொலைபேசி வயர் வழியாக டிகோடருக்குள் இறங்கி, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக மொனிட்டருக்கு வரும். பைபர் இணையத்தின் கண்ணாடி இழை இடியைக் கடத்தாது. ஆனால் மோடத்திலிருந்து கணினிக்குப் போகும் கேபிள் செம்பு. வானம் கறுத்தால் பிளக்கை உருவுங்கள், ஏரியல் அல்லது டிஷ் கேபிளைக் கழற்றுங்கள், மோடம் கேபிளையும் கழற்றுங்கள்.

இடி இல்லாமலே எச்டிஎம்ஐ போர்ட் போவதும் உண்டு. எக்ஸ்டென்ஷனின் மேல் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முனைப் பிளக்கைச் செருகும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதல்லவா, அதில் எர்த் கிடையாது, பிளக்கும் இறுக்கமாக உட்காராது. எர்த் இல்லாத கருவியின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும். அந்தக் கருவியை ஓடும்போதே எச்டிஎம்ஐயில் செருகினால் அந்தச் சுருக்கு போர்ட்டின் மெல்லிய ஊசிகள் வழியாகத்தான் பாயும். இரண்டு கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷனில், முறையான மூன்று முனைப் பிளக்கில் செருகுங்கள். எச்டிஎம்ஐயை இணைத்துவிட்டு அதற்குப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். எந்தச் சுவர்ப் பிளக்கில் செருகினாலும் சுருக்கென்று இருந்தால் மொனிட்டரை விடுங்கள், உரிமம் உள்ள மின்பணியாளரை அழைத்து வீட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.